வண்ணாத்திப்பாறைக்கு ஏறுகிற வழி

கூடலூருக்கு மேலே நிற்கிற மலைக்கு இரண்டு பெயர். உச்சிக்குப் போய்விட்டால் அது மங்கலதேவி. சிலப்பதிகாரம், சேரன் செங்குட்டுவன், கண்ணகி கோட்டம் என்று பெரிய பெரிய சங்கதிகளெல்லாம் அந்தப் பெயரோடு வந்து சேரும். கீழே நின்று பார்க்கிறபோது, வனத்துறைப் பதிவேட்டிலும் ஆடு மாடு மேய்த்தவர்கள் வாயிலும் அது வண்ணாத்திப்பாறை. எந்த வண்ணாத்தி, எந்தக் காலம், அவளுக்கு அங்கே என்ன நேர்ந்தது என்று நமது இலக்கிய வரலாறுகள் கேட்டதில்லை. மன்னர்களுக்குக் கல்வெட்டு இருக்கிறது. ஊர் அழுக்கை வெளுத்தவளுக்கு ஒரு பாறையின் பெயர் மிஞ்சியிருக்கிறது. பக்திமான்கள் அதைக்கூட உச்சரிப்பதில்லை.

1963இல் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் கண்ணகி நடந்த வழியைத் தேடி நடந்து, இந்த உச்சியில் இடிந்து கிடந்த கோயில்தான் கண்ணகி கோட்டம் என்று அறிவித்தார். பெரிய உழைப்பு, மறுக்கவில்லை. அதற்கப்புறம் எழுதப்பட்ட கட்டுரைகளும் மேடைப் பேச்சுகளும் ஏராளம். அநேகமாக எல்லாவற்றிலும் ஒரே கேள்விதான்: கோயில் தமிழ்நாட்டுக்கா, கேரளத்துக்கா? அந்த மலைக்கு யார் ஏறினார்கள், எதற்காக ஏறினார்கள், ஏறியவர்கள் வழியில் ஒருவரோடு ஒருவர் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதெல்லாம் தமிழறிஞர்களுக்கு வரலாறாகத் தோன்றவில்லை. எம்.ஏ. தமிழ் வகுப்பில் வஞ்சிக் காண்டம் நடத்தியபோது எங்களுக்கும் அது சொல்லித் தரப்படவில்லை. நான் பிறந்து வளர்ந்தது இந்தப் பள்ளத்தாக்கில். தினமும் கண்ணில் படுகிற மலை. இருந்தும் அந்தப் பாதையில் நான் முதன்முதலாகக் கால் வைத்தது 2024 ஏப்ரல் 23, சித்ரா பௌர்ணமி அன்றைக்குத்தான்.

வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டுமே மலை திறக்கப்படுகிறது. தேனி, இடுக்கி இரண்டு மாவட்ட நிர்வாகங்களும் கூடிப் பேசி நாள் குறித்து, காவல் போட்டு, பிளாஸ்டிக் பை இருக்கிறதா என்று சோதித்து விடுகிறார்கள். குமுளி பக்கமிருந்து ஜீப்பில் போகலாம், காசு வேண்டும். தமிழ்நாட்டுப் பக்கம் லோயர்கேம்ப்புக்கு அருகே பளியன்குடியிலிருந்து காட்டுக்குள் நடந்து ஏற வேண்டும். ஆறரை கிலோமீட்டர் என்கிறார்கள். ஏறுகிறவனுக்கு அது பன்னிரண்டு.

பளியன்குடி என்பது பளியர் மக்கள் வாழ்கிற குடியிருப்பு. பாதை அவர்கள் வீட்டு வாசலிலிருந்துதான் தொடங்குகிறது. இந்தக் காட்டில் எங்கே தண்ணீர் ஊறும், எந்தச் சரிவில் யானை இறங்கும் என்று தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தவர்கள் அவர்கள். அன்றைக்கு ஆயிரக்கணக்கான பேர் அந்த வாசலைத் தாண்டிப் போனோம். நின்று ஒரு வார்த்தை கேட்டவர்கள் எத்தனை பேர்?

சிலப்பதிகாரத்தில் இந்த மலையை ஒட்டி நடக்கிற முதல் உரையாடலே அறிமுகமில்லாதவர்களுக்கு நடுவில்தான் நடக்கிறது என்பதை இங்கே சொல்ல வேண்டும். மதுரையை எரித்துவிட்டு, வையைக் கரையோடு மேற்கே, மேடு பள்ளம் பாராமல் நடந்து வந்த ஒருத்தி வேங்கை மரத்தடியில் நிற்கிறாள். மலைக்குறவர்கள் பார்க்கிறார்கள். நீ யார் என்று கேட்கிறார்கள். அவள் ஊரையும் சொல்லவில்லை, குலத்தையும் சொல்லவில்லை. வணிகர் குலத்தில், புகாரின் பெருஞ்செல்வர் வீட்டில் பிறந்தவள், அதைச் சொல்லியிருக்கலாம். தான் இழந்ததை மட்டும் சொல்கிறாள். குறவர்களும் அதற்கு மேல் துருவவில்லை. அவளைத் தங்கள் தெய்வமாக எடுத்துக்கொண்டு குரவை ஆடுகிறார்கள். பின்னால் செங்குட்டுவனிடம் போய்ச் சொன்னதும் அவர்கள்தான். அவர்கள் சாட்சி சொல்லாவிட்டால் வஞ்சிக் காண்டமே கிடையாது. ஆனால் கல் எடுக்க இமயத்துக்குப் போனது யார், யார் தலையில் அது ஏறியது, எந்தெந்த அரசர்கள் விழாவுக்கு வந்தார்கள் என்று விரித்துச் சொல்கிற காப்பியம் அந்தக் குறவர்களில் ஒருவருக்கும் பெயர் வைக்கவில்லை. சாட்சி நம்முடையது, கோயில் அவர்களுடையது. இது இன்றைக்கு நேற்று நடக்கிற காரியமில்லை.

காலையில் ஏறத் தொடங்கினேன். முதல் ஒரு மணி நேரத்திலேயே நாலைந்து பேர் பழக்கமாகிவிட்டார்கள். மலையேற்றத்தில் மூச்சு வாங்குகிறபோது மனுசருக்குப் பகட்டு நிற்காது. சாலையில் பார்த்தால் திரும்பிக்கூடப் பார்க்காதவர்கள், 'இந்தாங்க, தண்ணி குடிங்க', 'இந்தக் கல்லுல கால வைக்காதீங்க, வழுக்கும்' என்று கை கொடுக்கிறார்கள். எல்லோர் விரலிலும் நாலு நாளைக்கு முன்னால் ஓட்டுப் போட்ட மை. கம்பத்திலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஒருவர், ஐம்பது வயதிருக்கும், என் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். நல்ல கலகலப்பான மனிதர். வழி நெடுக, 'வாங்க டீச்சர்', 'பாத்து வாங்க டீச்சர்'தான். நான் டீச்சர் இல்லை என்று சொல்லியும் விடவில்லை.

அவர்களில் என்னைப் பிடித்து வைத்துக்கொண்டது ஒரு கிழவி. எழுபத்தைந்து தாண்டியிருக்கும். கையில் கம்பு, இடுப்பில் சுருக்குப்பை, காலில் செருப்பில்லை. எங்கள் எல்லோரையும் விட வேகமாக ஏறினாள். ஒரு பாறையில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்து புளிச்சோற்றில் எனக்கும் ஒரு உருண்டை வைத்தாள்.

'என்னா தாயி, இதுக்கே இப்பிடி எளைக்கிற? நாங்க இதைக் காட்டியும் செங்குத்தா ஏறுனவுக. பன்னெண்டு வயசுல எங்காத்தாகூட மலைக்குப் போனேன். அப்ப ஏது ஜீப்பு? கங்காணி முன்னால போவாரு. தலையில அரிசி, உப்பு, மொளகா, வெண்கலச் சட்டி. பிள்ளைய முதுகுல கட்டிக்கிருவாக. இருட்டிருச்சுன்னா பந்தம் கொளுத்திக்கிட்டு, எல்லாரும் சத்தம் போட்டுக்கிட்டே போகணும், ஆனை நிக்கும். சாமி கும்பிடவா ஏறுனோம்? வகுத்துக்கு ஏறுனோம்.'

நான் தேடிப் போகாத வரலாறு, புளிச்சோற்றோடு வந்து மடியில் விழுந்தது இப்படித்தான்.

பீர்மேட்டு மலையில் 1860களில் வெள்ளைக்காரர்கள் காப்பித் தோட்டம் போட்டார்கள். காப்பி நோயில் அழிய, தேயிலை வந்தது. ஏலமலைக் காடுகளில் ஏலத்தோட்டம் பெருகியது. இவற்றுக்கெல்லாம் ஆள் போனது கீழேயிருந்து, அதிலும் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்தும். நிலமில்லாத பள்ளர், பறையர், சக்கிலியர் குடும்பங்கள் கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, கூடலூர் வழியாகக் குமுளிக்கு ஏறின. முன்பணம் தீராது. லயத்தில் குடியிருப்பு, விடிகாலையில் பிரட்டு. அங்கே செத்தவர்கள் அங்கேயே. இன்றைக்கும் விடியற்காலையில் கூடலூரிலும் கம்பத்திலும் சாலையோரம் நின்று பாருங்கள். கொள்ளளவுக்கு மேல் பெண்களை அடைத்துக்கொண்டு ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்புகள் ஏறுவதைக் காணலாம். கங்காணி போய் ஜீப்பு வந்தது. ஏறுகிற ஆட்கள் மாறவில்லை.

இதே சரிவில்தான் முல்லைப் பெரியாறு அணையின் கதையும் கிடக்கிறது. 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை. 1887இல் வேலை தொடக்கம். 1895 அக்டோபர் 10இல் ஆளுநர் வென்லாக் திறப்பு. மேற்கே ஓடிய தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். சுண்ணாம்புக்கல் கூடலூருக்கு அருகே குருவனூத்திலிருந்து கம்பிவடத்தில் மேலே போயிற்று. அந்தத் தண்ணீரில்தான் லோயர்கேம்ப் தொடங்கி 14,707 ஏக்கரில் இன்றைக்கு இருபோக நெல் விளைகிறது. பென்னிகுயிக் பெயரால் பொங்கல் வைக்கிறார்கள், அவர் படம் வீடுகளில் தொங்குகிறது. 2013 ஜனவரியில் லோயர்கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபமும் திறந்தாயிற்று. அவர் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கல் சுமந்தது யார்? சென்னை ராணுவத்தின் பயனியர் படையில் 1ஆம், 4ஆம் பட்டாளங்கள் இங்கே வேலை செய்தன. கட்டுமானப் பட்டாளங்களான சாப்பர், பயனியர் பிரிவுகளில் கணிசமாகச் சேர்ந்தவர்கள் பறையர்கள். 'வீர இனம்' என்று சில சாதிகளைப் பிரித்து, நம்மவர்களைத் துப்பாக்கிப் படையிலிருந்து வெள்ளைக்காரன் கழித்துக்கொண்டிருந்த காலம் அது. மண்வெட்டியும் கடப்பாரையும் தூக்குகிற படையில் மட்டும் நமக்கு இடமிருந்தது. அவர்களோடு ஆயிரக்கணக்கான கூலிகள். காட்டுக்காய்ச்சலிலும் காலராவிலும் இறந்து அணைக்கு வடக்கே புதைக்கப்பட்டவர்கள் 483 பேர் என்று பதிவு இருக்கிறது. வழியிலும், ஊர் திரும்பியும் செத்தவர்கள் இந்தக் கணக்கில் உண்டா?

கிழவியிடம் இதைச் சொன்னேன். 'எங்க அய்யாவோட அய்யா அந்தக் கல்லு வேலைக்குத்தான் போனாராம். காய்ச்ச கண்டு வந்து படுத்தவரு எந்திரிக்கலையாம்' என்றாள், ஏதோ பக்கத்து வீட்டுச் சேதி சொல்வதைப்போல. பிறகு, 'வெள்ளைக்கார தொரை பேருல பொங்க வைக்கிறாக. வைக்கட்டும். எங்க தாத்தன் பேரு எனக்கே தெரியாதுல்ல' என்று சிரித்தாள்.

இன்னொரு செய்தியும் இந்தப் பாதையோடு சேர்ந்தது. 1924இல் சென்னைச் சட்டமன்றம், எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் பொதுச் சாலையிலும் தெருவிலும் நடைபாதையிலும் நடக்கத் தடையில்லை, பொதுக் கிணறு குளங்களைப் பயன்படுத்தத் தடையில்லை என்று தீர்மானம் போட்டது. செப்டம்பர் 25 தேதியிட்டு அரசாணை வந்தது. ரெட்டமலை சீனிவாசன், எம்.சி. ராஜா போன்றோர் சட்டமன்றத்துக்குள்ளே நின்று விடாமல் குரல் கொடுத்த காலம் அது. மனிதன் தெருவில் நடக்கலாம் என்பதற்கு ஒரு அரசாணை! அதே வருஷம் மார்ச் 30ஆம் தேதி, மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூரில், வைக்கம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்காகப் போராட்டம் தொடங்கியிருந்தது. ஆக, அந்த ஆண்டின் கடைசியில் கூடலூரிலிருந்து குமுளிக்கு ஏறிய ஒரு சக்கிலியக் குடும்பத்தைக் கற்பனை செய்து பாருங்கள். அடிவாரத்தில் அவர்களுக்கு நடக்க உரிமை உண்டு, காகிதத்தில். எல்லைக்கல்லைத் தாண்டினால் காகிதத்திலும் கிடையாது. நடுவில் இருக்கிற காட்டில் மட்டும் அவர்களை எவரும் வழிமறிக்கவில்லை, யானையைத் தவிர.

இந்தப் பள்ளத்தாக்கில் அரசாணை தெருவுக்குள் வந்து சேர எத்தனை காலம் ஆயிற்று என்பதை நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் போதும். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன தெருக்களின் பெயரை வரிசையாகச் சொல்வார்கள். இதில் ஒரு கொடுமையான வேடிக்கையும் உண்டு. குற்றப் பழங்குடியினர் சட்டத்தின் கீழ் பிரமலைக் கள்ளர் மக்களை வெள்ளைக்கார அரசு கைரேகை வைக்கச் சொன்னது. ராத்திரி ஊரை விட்டு நகர அனுமதிச் சீட்டு கேட்டது. எதிர்த்தவர்கள்மீது 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடத்திப் பலரைக் கொன்றது. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல்தான் ஒழிந்தது. நடக்கிற உரிமையைப் பறிகொடுப்பது என்றால் என்ன என்று அந்த மக்களுக்கு உடம்பில் பட்டுத் தெரியும். அந்த நினைவு நம்மோடு கைகோக்க வைத்திருக்க வேண்டும். சில இடங்களில் வைத்தது. பல இடங்களில் சாதி குறுக்கே நின்றது, அதே தெருவில்.

உச்சியில் இடிந்த கோயில்தான். கேரள முறையில் ஒரு பூசை, தமிழ் முறையில் ஒரு பூசை, கூட்டம், வரிசை, காவல்துறை விசில். அதைப் பற்றி மற்றவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். எனக்கு அங்கே நின்று கீழே பார்த்ததுதான் நினைவிருக்கிறது. ஒரு பக்கம் பச்சை வயல், தோப்பு, திராட்சைப் பந்தல், லோயர்கேம்ப் மின்நிலையத்துக்கு இறங்குகிற நாலு ராட்சதக் குழாய். இன்னொரு பக்கம் காடு, காடு, காடு. 1978இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட தேக்கடிக் காடு அந்தப் பக்கம் விரிகிறது. அங்கே 1990களின் பிற்பகுதியில், உலக வங்கிப் பணத்தில் சூழல் மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்று வந்தது. வயணப்பட்டை உரித்து விற்றுப் போலீஸ் வழக்கில் ஓடிக்கொண்டிருந்தவர்களையே வழிகாட்டிகளாக்கி, சுற்றுலாப் பயணிகளைக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப் போக வைத்தார்கள். மாட்டு வண்டியில் ஏற்றி இந்தப் பக்கத்துத் தோட்டம் துரவுகளைக் காட்டுகிற சுற்றுலாவும் நடந்தது. வழக்கு நீங்கி வயிறு நிறைந்தது என்றால் நல்லதுதான், அதைக் கேலி செய்ய எனக்கு உரிமையில்லை. வெளிநாட்டுக்காரர் வண்டியை விட்டு இறங்கி, வயலில் குனிந்து நிற்கிறவளிடம் சிரித்து, அவள் பெயரைக் கேட்டுவிட்டுப் போகிறார். 'கிராமத்து மக்கள் எவ்வளவு அன்பானவர்கள்' என்று ஊருக்குப் போய்ச் சொல்வார். அவள் எந்தத் தெரு என்று கேட்க அவருக்குத் தெரியாது. அந்தத் தெரியாமை எவ்வளவு பெரிய சௌகரியம்!

நமக்குத் தெரியும் அல்லவா? நம்மவர்கள் அறிமுகமாகிற முறையே மூன்று படிதான். 'பேரென்ன?' 'எந்த ஊரு?' மூன்றாவது கேள்விதான் உண்மையான கேள்வி: 'ஊருல எங்க?' சிரித்த முகத்தோடுதான் கேட்பார்கள். வீட்டுக்கு வழி கேட்பதைப் போலத்தான் இருக்கும். ஏறுகிறபோது அதை யாரும் கேட்கவில்லை, மூச்சுக்கே நேரம் போதவில்லை. இறங்குகிறபோது மூச்சு மிச்சமிருந்தது. பளியன்குடிக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர் இருக்கையில் கம்பத்துக்காரர் கேட்டார். ஊர் பெயர் சொன்னேன். 'அட, நம்மாளுக நெறைய இருக்காகளே அங்க. ஊருக்குள்ளயா நீங்க?'

'இல்ல. காலனி.'

அவர் முகம் சுளிக்கவில்லை. பையைக் கீழே போடவில்லை. 'ஓ... சரி சரி' என்றார். ஒரு பத்து எட்டு நடந்திருப்போம். 'பாத்து வா. பள்ளம் இருக்கு' என்றார்.

அவ்வளவுதான் நடந்தது. 'வாங்க', 'வா' ஆகிவிட்டது. இதற்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பிரிவு கிடையாது. அவரைக் கூப்பிட்டுக் கேட்டால் அப்படிப் பேசியதே அவருக்கு நினைவிருக்காது. பொய்யாகவும் இருக்காது. ஆறரை கிலோமீட்டர் ஏற்றத்தில் கழன்று விழுந்திருந்த ஒன்று, இறக்கத்தில் தானாகவே வந்து ஒட்டிக்கொண்டது. என் பையை நான் வாங்கிக்கொண்டேன். 'குடு தம்பி' என்று கேட்டு வாங்கினேன். என்னைவிட இருபது வயது மூத்தவர். நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் வந்த கிழவி மட்டும் கொக்கரித்துச் சிரித்தாள்.

2011 டிசம்பரைப் பற்றி அவளிடம் கேட்டது அதற்கப்புறம்தான். அணைப் பிரச்சினை முற்றி, குமுளிச் சாலை அடைபட்டு, இரண்டு பக்கமும் கூட்டம் கூட்டமாக ஆட்கள் நின்ற நாட்கள். இடுக்கியில் ஏலத்தோட்டங்களில் இருந்த தமிழ்க் கூலிகள் அடிக்கும் மிரட்டலுக்கும் பயந்து, பிள்ளைகுட்டிகளோடு காட்டுப் பாதைகளில் தேனி மாவட்டத்துக்குள் இறங்கினார்கள். பத்திரிகைகள் அவர்களைத் 'தமிழர்கள்' என்று எழுதின. மேடைகளிலும் தமிழர்கள் என்றே முழங்கினார்கள். சந்தோஷம். அவர்களில் எத்தனை பேர் காலனிக்காரர்கள், கீழே இறங்கியதும் எத்தனை பேருக்கு ஊருக்குள் நிழல் கிடைத்தது என்று யாரும் எழுதவில்லை.

'நானும் எறங்குனேன். எம்மக வீட்டுக்குக் காயெடுக்கப் போயிருந்தேன். ரோட்டுல போனா அடிக்கிறாங்கன்னாக. எம்மகளுக்கு வழி தெரியாது, ஜீப்புலயே போய்ப் பழகுனவ. நாந்தேன் கூட்டியாந்தேன், பதினேழு உருப்படி. அந்தப் பழைய தடம் பாதி மூடிப்போச்சு, முள்ளு. ஆனா காலுக்குத் தெரியும் தாயி. நடுவுல ஒரு மலையாளத்துக்காரப் பொம்பள, எங்களக் கண்டு மொத பயந்துட்டா. அப்பறம் கைப்பிள்ளையப் பாத்துட்டு உள்ள போயி கஞ்சி கொண்டாந்தா. யாரு என்னன்னு ஒரு வார்த்த கேக்கல. நானும் அவ யாருன்னு கேக்கல.'

பளியன்குடியில் இறங்கியதும் நோட்டை எடுத்தேன். அவள் நடந்த தடங்களைக் கேட்டு எழுதினேன். குமுளி ஏத்தம், கம்பமெட்டு, தேவாரத்துக்கு மேலே சாக்குலூத்து மெட்டு, போடிமெட்டு. இவை வரைபடத்தில் உண்டு. மற்றவற்றுக்கு அவள் சொன்ன பெயர்கள் வேறு மாதிரி இருந்தன: சட்டி உடைஞ்ச சரிவு, பிள்ளை எறக்கி வச்ச பாறை, கங்காணி திரும்புன முக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வருஷம், ஒரு ஆள், ஒரு சாவு அல்லது ஒரு பிறப்பு. பதினொன்று எழுதுவதற்குள் கூடலூர் பஸ் வந்துவிட்டது. மீதியை வீட்டுக்கு வந்து கேட்டுக்கொள்ளச் சொல்லி, எந்தத் தெரு என்று அவளே சொல்லிவிட்டு ஏறினாள்.